"பாப் மொகொஸ்ஸொ?" - கொரியாவில் நலம் விசாரிக்கும் ஒரு பிடி சோறு!

கே-டிராமா பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே தெரியும். கதாநாயகன் சியோலில் ஒரு சின்ன வாடகை அறையில் உட்கார்ந்திருப்பான். வேலை போயிருக்கும், அல்லது காதல் முறிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மா போன் செய்வார். இது எதுவும் தெரியாத அந்த அம்மா கேட்கும் முதல் கேள்வி, "பாப் மொகொஸ்ஸொ?"

முன்னால் காலியாகக் கிடக்கும் நூடுல்ஸ் கப்பைப் பார்த்துக்கொண்டே மகன் சொல்வான், "ம்... மொகொஸ்ஸொ."

"சோறு சாப்பிட்டியா?" "ம்... சாப்பிட்டேன்."

இந்த இடத்தில் தமிழ் ரசிகர்களுக்கு சப்டைட்டில் தேவையே இல்லை. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையிடமும், துபாயில் இருக்கும் மகனிடமும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வியும் இதுதானே!

கொரிய மொழி கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சொல், 'பாப்'. அகராதியைத் திறந்தால் 'சமைத்த அரிசி' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால், ஒரு கொரியர் தன் பாசம், நன்றி, கோபம், கேலி, பயம் எல்லாவற்றையும் இந்த ஒரு சொல்லை வைத்தே பேசிவிடுவார். அகராதி சொல்லாத அந்தக் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எப்படி உச்சரிப்பது?

பிபிம்பாப், கிம்பாப் என்ற பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர்களின் கடைசியில் இருப்பது இந்த 'பாப்'தான். 'பிபிம்' என்றால் கலந்தது. காய்கறி, முட்டை, மிளகாய் விழுது எல்லாம் போட்டுப் பிசைந்து சாப்பிடும் சோறு, பிபிம்பாப். 'கிம்' என்பது காகிதம் போல உலர்த்திய கடற்பாசி. அதில் சுருட்டிய சோறு, கிம்பாப். சூப்பில் போட்ட சோறு, குக்பாப்.

உச்சரிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடைசி 'ப்'பைச் சொல்ல உதட்டை மூடினால், மூடியபடியே நிறுத்திவிட வேண்டும். 'பாப்பு' என்று உகரம் எட்டிப் பார்த்தால் அது கொரியன் இல்லை.

கொரிய எழுத்தில் இந்தச் சொல்லை எழுதிப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். அவர்களின் 'ப' எழுத்து, பாதி தண்ணீர் ஊற்றிய ஒரு டம்ளர் போல இருக்கும். 'பாப்' என்று எழுத மேலே ஒரு டம்ளர், பக்கத்தில் 'ஆ'வுக்கான கோடு, கீழே இன்னொரு டம்ளர். சாப்பாட்டுச் சொல்லுக்குள் இரண்டு பாத்திரங்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டால் வாழ்நாளுக்கும் மறக்காது.

நெல், அரிசி, சோறு... அங்கேயும் மூன்று!

ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் 'ரைஸ்'தான், மூட்டையில் இருப்பதும் 'ரைஸ்'தான், தட்டில் விழுவதும் 'ரைஸ்'தான். கொரிய மொழியில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். வயலில் விளைவது 'ப்யொ'. உமி நீக்கியது 'ஸ்ஸல்'. வெந்தது 'பாப்'. நம் நெல், அரிசி, சோறு என்ற வரிசையேதான்.

அங்கேயும் 'அப்பா'வை 'அப்பா' என்றும் அம்மாவை 'ஓம்மா' என்றும் கூப்பிடுவதைப் பார்த்து, 'கொரியனும் தமிழும் சொந்தமா?' என்ற கேள்வி சோஷியல் மீடியாவில் அடிக்கடி வரும். கேள்வி புதிதல்ல. கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905-லேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆனால், இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக இந்த உறவை ஏற்பதில்லை.

நெல், அரிசி, சோறு விஷயத்தில் உறவு தேடவும் வேண்டியதில்லை. நெல்லை நட்டு, குத்தி, பொங்கி வாழும் ஊரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் தேவைப்படும். அவ்வளவுதான்.

இதில் கற்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'பாப்' என்றால் சோறு மட்டுமல்ல, 'சாப்பாடு' என்றும் பொருள். மதியம் ஒருவர் பீட்சா சாப்பிட்டிருந்தாலும், "பாப் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் சொல்வார். அதே ஆள் வீட்டுக்கு வந்து நூடுல்ஸைப் பிரித்தால், "அதை வெச்சுட்டு ஒழுங்கா பாப் சாப்பிடு" என்று பாட்டி திட்டுவார். இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

யாரை எப்படிக் கேட்பது?

நம் ஊரில் நண்பனிடம் 'சாப்ட்டியா?', பெரியவரிடம் 'சாப்ட்டீங்களா?' என்று வினைச்சொல்லை மாற்றுகிறோம். கொரியர்கள் ஒரு படி மேலே போய், சோற்றின் பெயரையே மாற்றிவிடுகிறார்கள்!

நண்பர்கள், தம்பி, தங்கை என்றால் "பாப் மொகொஸ்ஸொ?"

ஆபீஸில் மேலதிகாரி, தெரிந்த பெரியவர் என்றால் "சிக்ஸா ஹஷ்யொஸ்ஸொயோ?" இங்கே 'பாப்' காணாமல் போய் 'சிக்ஸா' வந்துவிட்டது. 'உணவு அருந்தினீர்களா?' என்பது போல.

தாத்தா, பாட்டி வயதுள்ளவர்கள் என்றால் "ஜின்ஜி ஜாப்சுஷ்யொஸ்ஸொயோ?" இதில் 'ஜின்ஜி' என்பதும் அதே சோறுதான். வயதுக்கு மரியாதையாக வேறு பெயர்.

அரசர் காலத்தில் மன்னருக்குப் பரிமாறியது 'சுரா'. 2003-ல் வெளியாகி உலகம் முழுக்க ஓடிய 'டே ஜங் கும்' தொடரைப் பார்த்தவர்கள், அரண்மனைச் சமையல்கூடக் காட்சிகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். முன்னோருக்குப் படையல் போடும்போது வைக்கும் சோற்றுக்குப் பெயர் 'மே'.

பாப், சிக்ஸா, ஜின்ஜி, சுரா, மே. பானை ஒன்று. யாருக்காகப் பரிமாறுகிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் ஐந்து!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே உதவும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து சென்னையில் கொரியர்கள் வசிக்கிறார்கள். சென்னையில் இயங்கும் இன்கோ சென்டரில் கொரிய மொழி வகுப்புகளும் நடக்கின்றன. கொரிய மேனேஜரிடம் டிராமாவில் கேட்ட ஞாபகத்தில் "பாப் மொகொஸ்ஸொ?" என்று கேட்டுவிட்டால், அது 'என்னடா, சாப்ட்டியா?' என்று தோளில் தட்டுவது போல ஆகிவிடும். அங்கே 'சிக்ஸா'தான் பாதுகாப்பு.

பதில் சொல்வது சுலபம். "நே, மொகொஸ்ஸொயோ" என்றால் 'ஆமாம், சாப்பிட்டேன்'. பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் பதிலும் இதுதான். "இன்னும் இல்லை" என்று சொல்லிவிட்டால், கேட்டவர் "ஐயோ, ஏன்?" என்று பதறி உங்களை அழைத்துக்கொண்டு கிளம்பினாலும் கிளம்பிவிடுவார்.

சாப்பிட உட்காரும்போது "ஜால் மொக்கெஸ்ஸும்னிதா" (நன்றாகச் சாப்பிடப் போகிறேன்), எழுந்திருக்கும்போது "ஜால் மொகொஸ்ஸும்னிதா" (நன்றாகச் சாப்பிட்டேன்) என்று சொல்வது மரியாதை. இதில் 'ஸ்ஸு' என்ற இடத்தில் உதட்டைக் குவிக்காதீர்கள். 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் வரும் அரைகுறை உகரம் போதும். பிற மொழிக்காரர்கள் பலர் திணறும் அந்த ஒலி, நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம்.

'ஒருநாள் சோறு சாப்பிடுவோம்!'

வெளிநாட்டினர் ஏமாந்துபோகும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஒன்ஜே பாப் ஹன்பொன் மொக்ஜா." அதாவது, 'எப்போதாவது ஒருமுறை சேர்ந்து சாப்பிடுவோம்.'

இதைக் கேட்டதும் டைரியை எடுத்து "எந்தக் கிழமை?" என்று கேட்டால், சொன்னவர் விழிப்பார். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் பார்த்த பழைய நண்பர், "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு விலாசம் கொடுக்காமலே பஸ் ஏறுவாரே, அதேதான். அதில் பொய் இல்லை. 'உங்களைப் பார்த்ததில் சந்தோஷம், உறவு அப்படியே இருக்கட்டும்' என்பதைச் சொல்லும் முறை அது. நாளும் இடமும் சேர்த்துச் சொன்னால் மட்டும்தான் அது அழைப்பு.

ஆனால், "நான் உங்களுக்கு பாப் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அதற்குக் கனம் அதிகம். வேலைக்குச் சிபாரிசு செய்தவருக்கு, வீடு மாற்ற உதவிய நண்பருக்கு, நோட்ஸ் கொடுத்த சீனியருக்கு நன்றிக்கடனைத் தீர்க்கும் வழி அது. நெட்ஃபிளிக்ஸில் பலர் பார்த்த 'சம்திங் இன் தி ரெயின்' தொடர் 2018-ல் வந்தது. அதன் கொரியத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நன்றாகச் சோறு வாங்கித் தரும் அழகான அக்கா'! காதல் கதைக்கு இப்படி ஒரு தலைப்பா என்று நமக்குத் தோன்றும். கொரியர்களுக்கோ அதுவே அரைக் காதல் ஆகிவிட்டது என்று புரிந்துவிடும்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

இன்று சாம்சங் போன், ஹூண்டாய் கார், பிடிஎஸ் பாட்டு என்று நமக்குத் தெரிந்த தென்கொரியா, இரண்டு தலைமுறைக்கு முன்னால் பசியை நன்கு அறிந்த நாடு.

கொரிய மொழியில் 'போரித்கோகே' என்று ஒரு சொல் உண்டு. 'பார்லி மலை' என்று பொருள். அது வரைபடத்தில் இருக்கும் மலை இல்லை. இலையுதிர் காலத்தில் அறுத்த நெல் வசந்த காலத்தில் தீர்ந்துவிடும். பார்லி அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். இடைப்பட்ட அந்த வாரங்களைப் பட்டினியோடு கடப்பதைத்தான் மலை ஏறுவதாகச் சொன்னார்கள். 1950 முதல் 1953 வரை நடந்த போர் இருந்ததையும் அழித்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் "சோறு சாப்பிட்டாயா?" என்பது பேச்சைத் தொடங்கச் சொல்லும் வார்த்தை மட்டும் அல்ல. உண்மையிலேயே பதில் தெரிய வேண்டிய கேள்வி.

1960-களிலும் 70-களிலும் அரிசியை மிச்சப்படுத்த அரசு கடுமையாக இறங்கியது. 1969-ல் புதன், சனிக்கிழமைகளில் காலை 11 மணி முதல் மாலை 5 மணி வரை உணவகங்களில் அரிசிச் சோறு விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பள்ளிகளில் ஆசிரியர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி, சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று சோதித்தார்கள். வெள்ளைச் சோற்றின் மேல் மட்டும் பார்லியைப் பரப்பி ஏமாற்றிய கதைகளை அந்தத் தலைமுறையினர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கொரிய ஹோட்டல்களில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு வருவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பின்னாலும் இந்தக் கதைதான். 1976-ல் சியோல் நகர நிர்வாகம், உணவகங்களில் சோற்றுக் கிண்ணம் 10.5 செ.மீ விட்டம், 6 செ.மீ உயரம்தான் இருக்க வேண்டும் என்று அளவு வகுத்தது. பெரிய கிண்ணம் இருந்தால் அரிசி அதிகம் செலவாகுமே!

இதற்கிடையில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு 'தோங்கில்' என்ற புது நெல் ரகம் உருவானது. 1972 முதல் அது விவசாயிகளிடம் பரவியது. சுவையில் பழைய ரகங்களுக்கு ஈடில்லை என்று மக்கள் குறைப்பட்டுக்கொண்டாலும், விளைச்சல் கொட்டியது. 1977-ல் தென்கொரியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. பார்லி மலை கடந்தாயிற்று. கேள்வி மட்டும் வாயில் அப்படியே தங்கிவிட்டது.

திட்டுவதும் சோற்றால்தான்!

கொரியர்களின் சண்டை, கேலி, அரசியல் பேச்சு எல்லாவற்றிலும் 'பாப்' வரும். சிலவற்றைக் கேட்டால் நம் ஊர்ப் பேச்சு போலவே இருக்கும்.

'பாப்-ஜுல்' என்றால் சோற்றுக் கயிறு. பிழைப்பு என்று பொருள். அந்தக் கயிறு அறுந்தது என்றால் வேலை போய்விட்டது. நாம் 'சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டான்' என்போமே, அந்த இடம்.

'பாப்-காப்' என்றால் சோற்றுக்கான விலை. ஒருவர் 'தின்ன சோத்துக்கு வேலை செய்கிறார்' என்பதை இப்படிச் சொல்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் "என் பாப்-காப்புக்கு உழைப்பேன்" என்று அடக்கத்தோடு சொல்வதும் உண்டு.

'கோங்-பாப்' என்பது சோயா பயறு கலந்த சோறு. 'கோங்-பாப் சாப்பிடப் போறே' என்றால் ஜெயிலுக்குப் போகப் போகிறாய் என்று அர்த்தம். ஒரு காலத்தில் சிறையில் அந்தச் சோறு போட்டதால் வந்த வழக்கு. நம் ஊரில் 'களி திங்கப் போறே' என்கிறோமே, அதன் கொரியச் சகோதரன்!

'சான்-பாப்' என்றால் ஆறிப்போன சோறு. ஒருவரை யாரும் மதிக்கவில்லை, ஓரங்கட்டுகிறார்கள் என்றால் அவர் நிலைமை 'ஆறிய சோறு'.

'ஹன்-சோத்-பாப்' என்றால் ஒரே பானைச் சோறு. ஒரு வீடு, ஒரு டீம், ஒரு ஆபீஸ் என்று சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரே பானைச் சோறு தின்றவர்கள்.

கைகூடி வந்த காரியத்தை ஒருவர் கெடுத்துவிட்டால் 'வெந்த சோற்றில் சாம்பலைத் தூவினான்' என்பார்கள். நாம் இதையே வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்துச் சொல்கிறோம்.

"நீ எனக்கு பாப்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். 'உன்னைச் சுலபமாக ஜெயித்துவிடுவேன்' என்று அர்த்தம்.

கடிகாரத்துக்கும் உண்டு சோறு

மனிதர்கள் மட்டும்தான் பாப் சாப்பிடுகிறார்கள் என்றில்லை. பழைய சாவிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைக் கொரியர்கள் 'கடிகாரத்துக்குச் சோறு கொடுப்பது' என்பார்கள். மரம் அறுக்கும்போது விழும் மரத்தூள், 'ரம்பத்தின் சோறு'.

குளிர்காலம் நெருங்கும்போது சீமைப்பனிச்சைப் பழங்களைப் பறிக்கும் கிராமத்தினர், மரத்தின் உச்சியில் சில பழங்களை விட்டுவைப்பார்கள். கை எட்டாமல் அல்ல, பறவைகளுக்காக. அதன் பெயர் 'கச்சி-பாப்'. 'கச்சி' என்றால் மேக்பை என்ற பறவை. பனியில் இரை கிடைக்காத நாட்களுக்கு மனிதர்கள் அதற்கு எடுத்துவைத்த சோறு.

குழந்தை பெற்ற தாய்க்குக் கடற்பாசி சூப்போடு தரும் முதல் சாப்பாட்டுக்குப் பெயர் 'சொத்-குக்-பாப்'. ஒருவர் இறந்துவிட்டால், உயிரை அழைத்துப்போக வரும் தூதர்களுக்காக வாசலில் மூன்று கிண்ணம் சோறு வைக்கும் பழைய வழக்கமும் உண்டு. அது 'சாஜத்-பாப்'. நெடுந்தூரம் நடப்பவர்கள் என்பதால் பக்கத்தில் செருப்பும் வைப்பார்கள். வழியில் இறந்தவரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமே! மரணத்தையே 'கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்' என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது.

இதனால்தான் கொரியர்களுடன் சாப்பிடும்போது கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். மேஜையில் சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப் வலப்பக்கம் இருக்க வேண்டும். படையலில் இது தலைகீழ். பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும். இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் எந்தக் கொரிய வீட்டிலும் நல்ல பெயர் வாங்கிவிடலாம்.

மேயர் பதவியைப் பறித்த சோறு

'நுன்-சித்-பாப்' என்று ஒரு சொல். 'நுன்சி' என்றால் அடுத்தவர் முகக்குறிப்பை அறிவது. உறவினர் வீட்டில் அண்டிப் பிழைக்கும் பிள்ளை, யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து விழுங்கும் சோறு, நுன்-சித்-பாப். வயிறு நிறையும், மனது நிறையாது.

இந்தச் சொல் 2011-ல் சியோல் நகர அரசியலையே உலுக்கியது. பள்ளிகளில் இலவச மதிய உணவை எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவதா, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தருவதா என்பதுதான் பிரச்னை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏன் மக்கள் வரிப்பணத்தில் சோறு என்று கேட்டார் அப்போதைய மேயர் ஓ செ-ஹூன். 'ஏழை என்று காகிதத்தில் நிரூபித்துவிட்டுத்தான் ஒரு குழந்தை சாப்பிட வேண்டும் என்றால், அது நுன்-சித்-பாப் ஆகிவிடாதா?' என்று கேட்டது எதிர்த்தரப்பு.

விஷயம் பொதுவாக்கெடுப்பு வரை போனது. ஆகஸ்ட் 24-ம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்களாவது வந்திருந்தால்தான் ஓட்டை எண்ண முடியும். வந்தவர்கள் 25.7 சதவிகிதம். வாக்குப் பெட்டிகள் திறக்கப்படவே இல்லை. தன் பதவியை இந்த வாக்கெடுப்போடு பிணைத்திருந்த மேயர், இரண்டே நாளில் ராஜினாமா செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2021-ல்தான் அவரால் மீண்டும் மேயராக முடிந்தது.

ஒரு தட்டுச் சோறு எப்படிப் பரிமாறப்படுகிறது என்பதில் ஒரு குழந்தையின் மானம் இருக்கிறது என்பதை, அந்த ஒரு சொல்லே நகரத்துக்கு நினைவூட்டிவிட்டது.

தனியாகச் சாப்பிடும் தேசம்

இப்போதைய கொரியாவின் சொல், 'ஹோன்-பாப்'. 'ஹோன்ஜா' என்றால் தனியாக. தனியாகச் சாப்பிடும் சோறு, ஹோன்-பாப்.

ஒரு காலத்தில் ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதே கூச்சமான விஷயம். சேர்ந்து சாப்பிட ஆளில்லாதவர் என்று பார்ப்பார்கள். இன்று ஒருவருக்கான மேஜைகள், ஒருவருக்கான பார்சல்கள் சாதாரணம். காரணம், குடும்பங்களின் அளவு. 2000-ம் ஆண்டில் தென்கொரியாவில் 15.5 சதவிகித வீடுகளில்தான் ஒரே ஒரு நபர் வசித்தார். 2023-ல் அது 35.5 சதவிகிதம். மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல், கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே ஆள்.

சோறும் குறைந்துவிட்டது. 1970-ல் ஒரு கொரியர் ஆண்டுக்குச் சராசரியாக 136 கிலோ அரிசி சாப்பிட்டார். 2024-ல் அது 55.8 கிலோ. பாதியை விடவும் குறைவு. அரிசியே இல்லாமல் தவித்து, கிண்ணத்தின் அளவைச் சட்டம் போட்டுக் குறைத்த நாட்டில், இப்போது 'அரிசி சாப்பிடுங்கள்' என்று பிரசாரம் செய்கிறார்கள். 1996-ல் அறிமுகமான 'ஹெத்பான்' என்ற பாக்கெட் சோறு, இன்று கடைக்குக் கடை கிடைக்கிறது. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் சுடச்சுட சோறு தயார். பானையும் வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம்.

இதனாலேயே இன்னொரு சொல்லுக்கு ஏக்கம் கூடியிருக்கிறது. அது, 'ஜிப்-பாப்'. வீட்டுச் சோறு. முன்பு எல்லாமே வீட்டுச் சோறாக இருந்தபோது தனியாக ஏங்க வேண்டியிருக்கவில்லை. இன்று ஹோட்டல்களே 'ஜிப்-பாப் போலவே இருக்கும்' என்று விளம்பரம் செய்கின்றன.

ஒரே ஓர் எழுத்து!

இவ்வளவும் தெரிந்த பிறகு, அந்த முதல் போன் காட்சிக்கே திரும்பலாம்.

அம்மா சாதாரணமாகக் கேட்டால் "பாப் மொகொஸ்ஸொ?" ஆனால் சில நேரம், மகன் குரல் கம்மியிருந்தாலோ, நாலு நாளாக போனை எடுக்காமல் இருந்தாலோ, கேள்வி லேசாக மாறும். "பாபுன் மொகொஸ்ஸொ?"

'பாப்' உடன் 'உன்' என்று ஓர் ஒட்டு சேர்கிறது. கொரிய எழுத்தில் பார்த்தால் கூடுதலாக ஒரே ஓர் எழுத்து. பொருளோ தலைகீழாக மாறிவிடுகிறது. நம் 'ஆவது' செய்கிற வேலையை அது செய்கிறது. 'சோறு சாப்பிட்டியா?' என்பது, 'சோறாவது சாப்பிட்டியா?' என்று ஆகிவிடுகிறது. 'மற்றது எதுவும் நீ சொல்ல வேண்டாம். நானும் கேட்கவில்லை. அது மட்டும் ஆனதா?' என்பது அதற்குள் இருக்கும் மீதி.

போங் ஜூன்-ஹோ இயக்கிய 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) படத்தில், கொலையாளி என்று சந்தேகிக்கப்படும் இளைஞனை நேருக்கு நேர் பார்க்கும் போலீஸ்காரர், கடைசியில் கேட்பதும் இந்த 'சோறாவது' கேள்வியைத்தான். அடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் சாங் காங்-ஹோ அதைக் கேட்கும் விதம், கொரிய சினிமாவில் மறக்க முடியாத வசனங்களில் ஒன்றாகிவிட்டது. பாசமா, வெறுப்பா, அலுப்பா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

அதனால், கொரியன் கற்றுக்கொள்பவர்கள் 'பாப்' என்பதற்கு நோட்டில் 'சோறு' என்று எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை. பக்கத்தில் அந்த 'உன்'னையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டிராமாவில் யாராவது போனை எடுத்து "பாபுன்..." என்று ஆரம்பித்தால், கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். கேட்கும் அம்மாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படியே அந்த எபிசோடை நிறுத்திவிட்டு, ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு போன் போடுங்கள். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்னால், நீங்கள் கேட்டுவிடுங்கள்.